லேப் இருக்கும் வீட்டுக்குச் சிப்பிப்பாறை வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஊரில் பெரியப்பா வீட்டு நாய் குட்டி போட்டிருக்கும். ஒன்று எடுத்துக்கொண்டு போ என்பார்கள். இல்லையென்றால் யாரோ வளர்க்க முடியாமல் விட்ட நாய் காப்பகத்தில் இருக்கும். எப்படியோ, ஆறேழு வருடமாக ஒரு லேப்ரடார் ஒற்றை ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்த வீட்டுக்குள் சிப்பிப்பாறை ஒன்று வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து நகரத்து வீடுகளிலும் நாட்டு நாய்க்கு மவுசு கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் லேப்பை வளர்த்த கையாலேயே வேட்டை நாயையும் வளர்த்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே தலையில் கை வைக்கிறார்கள்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இது இந்த இனத்தின் சுபாவமா? இந்த இரண்டும் இல்லையென்றால்தான், இரண்டு நாய்க்கும் ஒத்துவரவில்லையா? பெரும்பாலோர் மூன்றாவதில் ஆரம்பித்து, அதட்டி, அடித்து, காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சுபாவம் என்று சொல்வது எதை? லேப்பின் முன்னோர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களுக்குக் கூடமாட உதவியவை. பிறகு பிரிட்டனில், சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கப் பழக்கப்பட்டவை. ஆள் முகத்தைப் பார்த்து வேலை செய்வது அதற்குப் பிறவியிலேயே வந்துவிடும். சிப்பிப்பாறை விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய். முயல் எழுந்து ஓடும்போது எஜமானைத் திரும்பிப் பார்த்து உத்தரவு வாங்க நேரம் ஏது? கண்ணில் பட்ட கணத்தில் தானே முடிவெடுத்துப் பாய்ந்தால்தான் முயல் கிடைக்கும். கீழே வருகிற தொல்லைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புபவை.

வந்த அன்றைக்கே இரண்டையும் மூக்கோடு மூக்கு உரச விடாதீர்கள். பத்து முதல் பதினான்கு நாள் புது நாய்க்குத் தனி அறை, தனித் தட்டு, தனி விரிப்பு. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் உள்ளே ஒளிந்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கெடுவுக்குள் தெரிந்துவிடும். பழைய நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துத் தேதி பாருங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பின்னால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

பார்த்ததுமே உறுமல், பிடரி மயிர் சிலிர்ப்பு

இரண்டையும் எங்கே சந்திக்க வைத்தீர்கள்? வீட்டு கேட்டிலோ வரவேற்பறையிலோ என்றால் தப்பு இடத்தில்தான். பழைய நாய்க்கு அது தன் எல்லை. பழைய நாய் தினமும் காலைத் தூக்கி அடையாளம் வைக்கும் உங்கள் தெருவும் அதற்குள்தான் வருகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானமோ, கண்மாய்க் கரையோ, ஆள் நடமாட்டம் குறைந்த காலை நேரமோ பாருங்கள்.

ஆளுக்கு ஒரு நாய். இருபது அடி இடைவெளி விட்டு, ஒரே திசையில், பக்கவாட்டில் நடங்கள். எதிரெதிரே கொண்டுவரக் கூடாது. நாய்களுக்கு நேருக்கு நேர் வருவது சண்டைக்கு வருகிற தோரணை. கயிறு தொய்வாக இருக்கட்டும். பயத்தில் நாம் இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் கழுத்து வழியாக நாய்க்குப் போய்விடும். இரண்டும் தரையை மோந்துகொண்டு, எதிர் நாயைச் சட்டை செய்யாமல் நடக்கும்போது இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கடைசியில் பின்பக்கத்தை மோந்து பார்க்க விடலாம், மூன்று விநாடி. உடனே கூப்பிட்டு விலக்கி மறுபடி நடை. ஒரே நாளில் முடிந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிடரி சிலிர்த்தாலே கோபம் என்று முடிவு கட்ட வேண்டாம், பரபரப்பிலும் சிலிர்க்கும். பயப்பட வேண்டியது வேறு: உடம்பு கட்டை போல விறைத்து, வாய் மூடி, மூச்சுகூட விடாமல், கண் இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்ப்பது. சத்தம் போடுகிற நாயைவிடச் சத்தமில்லாமல் நிற்கிற நாயைக் கவனியுங்கள்.

விளையாடப் போன லேப்பிடம் புதியது பல்லைக் காட்டுகிறது

எனக்கு வருகிற புகார்களில் இதுதான் அதிகம். “எங்க நாய் வாலை ஆட்டிட்டுத்தான் போச்சு, அது வெடுக்குனு கடிக்க வந்துடுச்சு.”

லேப் விளையாடும் விதம் கல்யாண வீட்டில் முதுகில் ஓங்கித் தட்டிக் குசலம் விசாரிக்கும் மாமா ரகம். நெஞ்சால் மோதும், மேலே ஏறி விழும், முன்காலைத் தோளில் போடும், வாயை வாய்க்குள் வைக்கும். இன்னொரு லேப்புக்கு இது கொண்டாட்டம். சிப்பிப்பாறைக்கு இது தாக்குதல். அதற்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது, எலும்பும் நரம்பும்தான். முப்பது கிலோ லேப் தோளில் மோதினால் வலிக்கும். பிடித்த விளையாட்டு ஓட்டம். ஒன்று ஓட, மற்றது துரத்த, பிறகு மாற்றி ஓடுவது. உடம்பில் கை வைக்காத விளையாட்டு.

ஆகவே புதியது பல்லைக் காட்டுவதை அடக்கப் பார்க்காதீர்கள். “போதும், தள்ளிப் போ” என்று நாகரிகமாகச் சொல்வது அதுதான். அந்த எச்சரிக்கையை அதட்டி நிறுத்திவிட்டால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடிதான் வரும். திருத்த வேண்டியது லேப்பை. கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், மோதப் போகும் முன்பே கூப்பிட்டு, வந்ததும் தின்பண்டம் கொடுங்கள். இந்த விஷயத்தில் லேப்பின் தீனி ஆசை நமக்கு வரம்.

விளையாட்டா, வம்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. முரட்டுத்தனம் செய்கிற நாயைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றது என்ன செய்கிறது? திரும்பி வந்து, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி “வா வா” என்று கூப்பிட்டால் அது விளையாட்டு, விடுங்கள். விட்டது தொல்லை என்று நழுவிப் போய்ச் சோபாவுக்குப் பின்னால் படுத்தால், இதுவரை அது விளையாடவே இல்லை, மாட்டிக்கொண்டு இருந்தது என்று அர்த்தம்.

திறந்த வெளியில் இரண்டையும் ஓட விடும்போது ஒன்று: சிப்பிப்பாறை அரை வட்டம் போட்டுத் திரும்பி வந்து நிற்கும்போது லேப் பாதி தூரத்தில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் நிறுத்தாது. சித்திரை, வைகாசியில் இதைக் காலை ஏழு மணிக்கு மேல் அனுமதிக்காதீர்கள். காரணம் கீழே அவசரப் பகுதியில் இருக்கிறது.

வாசப்படியில், நடையில், கட்டில் ஓரத்தில் முறைப்பு

மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உரசல் என்றால் நாயைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்.

எங்கள் வீட்டு ஜூலி ஆறு வயது லேப். சமையலறை வாசப்படியில் குறுக்கே படுப்பது அதன் பரம்பரை உரிமை. கருப்பன் சிப்பிப்பாறை. தண்ணீர்த் தட்டு சமையலறைக்குள் இருந்தது. அவன் வந்து, படியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி நிற்பான். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். ஜூலி தலையைக்கூடத் தூக்காது. வால் நுனி மட்டும் அசையாமல் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அவன் அரை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர்த் தட்டை இன்னொன்று வாங்கிப் பின்கட்டில் வைத்ததும் விஷயம் முடிந்துவிட்டது.

குறுகலான இடம் எதுவோ அங்கே இரண்டு வழி உண்டாக்குங்கள். தண்ணீர் இரண்டு இடத்தில். படுக்கை இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத மாதிரி. கேட் மணி அடிக்கும்போது இரண்டும் ஒரே சந்தில் பாய்ந்து மோதிக்கொள்ளும். முதல் சில வாரம் வாசலுக்குப் போகும் முன் ஒன்றை அறைக்குள் விட்டுவிடுங்கள். கட்டிலிலும் சோபாவிலும் ஏறும் உரிமை தகராறு என்றால், தீரும்வரை இரண்டுக்கும் இடமில்லை. படிக்கட்டில் குழந்தைக்குப் போடுகிற தடுப்புக் கதவு கடையில் கிடைக்கும். அதை நடைவாசலில் மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. இந்த வீட்டுக்கு நீங்கள் செய்யும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் சண்டை

தனித்தனி அறை, மூடிய கதவு. இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை. “ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகட்டும்” என்கிற பெரியவர்கள் பேச்சை மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

லேப் தன் பங்கை முப்பது விநாடியில் விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவது பேராசை என்று நினைக்காதீர்கள். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு தீனி ஆசையைக் கூட்டுகிற மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. சிப்பிப்பாறை நேர் எதிர்: நாலு வாய் தின்னும், ஜன்னலுக்குப் போய் வெளியே பார்க்கும், திரும்பி வரும். பதினைந்து நிமிடம் கொடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தட்டைத் தரையில் விட்டு வைத்தால் ஒன்று குண்டாகும், ஒன்று இளைக்கும். எலும்பு, மெல்லும் சாமான், பிடித்த பொம்மை எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

புது நாய் சாப்பிடவில்லை, சுருண்டே கிடக்கிறது

ஒரு நாள், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது இடம் மாறிய திகைப்பு. அதற்குமேல் நீண்டாலோ, கூடவே காய்ச்சல், வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வெளுத்த ஈறு இருந்தாலோ அன்றைக்கே டாக்டர். குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். கிராமத்தில் திரிந்த நாயின் காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கும். அது பரப்புகிற எர்லிக்கியா, பபேசியா என்கிற கிருமிகள் இரண்டும் ரத்தத்தைத் தின்றுவிடும். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும், நேரத்தோடு பிடித்தால் மருந்துக்குக் கேட்கும். உண்ணி மருந்தை இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் போடுங்கள். புதியதற்கு மட்டும் போட்டால் பழையது கிடங்காகிவிடும்.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்றால் தீனியைப் பாருங்கள். கம்பங்கஞ்சியும் பால் சோறும் தின்று வளர்ந்த நாய்க்கு முன்னால் பாக்கெட் உருண்டையைக் கொட்டினால் அது கல்லைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கும். பழைய சாப்பாட்டோடு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் பேதிதான்.

சுருண்டு படுப்பது தன்னளவில் நோய் அல்ல. ஓடாத நேரத்தில் இந்த நாய்கள் பூனை மாதிரித் தூங்குகிறவை. சதை இல்லாததால் சிமெண்ட் தரையில் முழங்கை காய்த்துப் புண்ணாகும். பழைய மெத்தை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

எலும்பு தெரிகிறது, பார்க்கிறவர்களெல்லாம் திட்டுகிறார்கள்

“நாய்க்குச் சோறு போடுறதில்லையா?” என்று கேட்காத அக்கம்பக்கம் கிடையாது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பு எலும்பின் முனையும் தெரிவது சிப்பிப்பாறைக்குச் சரியான அளவு. முதுகுத்தண்டு முழுக்கக் கணு கணுவாகத் தள்ளிக்கொண்டு தெரிந்து, பின் தொடையில் சதை வற்றியிருந்தால்தான் இளைப்பு. அப்போது குடற்புழு மருந்து, மலப் பரிசோதனை, பிறகு சாப்பாட்டு அளவு, இந்த வரிசையில் போங்கள்.

லேப் அப்படியில்லை. அதற்கு விலா தெரியக் கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது கண் ஏமாற்றும். ஒன்று பட்டினி கிடக்கிற மாதிரியும் ஒன்று நல்ல ஆரோக்கியமாகவும் தெரியும். உண்மையில் எடை குறைக்க வேண்டியது பெரும்பாலும் லேப்தான்.

கூப்பிட்டால் வருவதில்லை

இரண்டு காரணம். முதலாவது, மேலே சொன்ன சுபாவம். லேப் உங்கள் குரலுக்கு வரும். இது லாபம் இருந்தால் வரும். ஆகவே லாபம் காட்டுங்கள். வீட்டுக்குள் சின்ன தூரத்தில் கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் வேகவைத்த கோழித் துண்டோ கருவாட்டுத் துணுக்கோ கொடுங்கள். வந்தபின் திட்டவே கூடாது. அரை மணி நேரம் கழித்து வந்தாலும், வந்ததற்குப் பாராட்டுதான். நீள்கயிற்றில் கட்டி மைதானத்தில் பழக்குங்கள். இத்தனையும் செய்தபின்னும், வேலி இல்லாத வெளியில் அவிழ்த்து விடாதீர்கள். முயலையோ கீரியையோ பார்த்துவிட்ட சிப்பிப்பாறைக்குக் காது அந்த நேரம் வேலை செய்யாது.

இரண்டாவது காரணம் நிஜமாகவே காது கேளாமை. நீங்கள் எடுத்தது முழு வெள்ளை ராஜபாளையம் என்றால் இதை முதலில் சோதியுங்கள். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் அந்த இனத்தின் அழகு. ஆனால் நிறமிக் குறைவு உட்காதையும் பாதிப்பதால் அவற்றில் பிறவிச் செவிடு உண்டு, ஒரு காது மட்டும் கேட்காததும் உண்டு. நாய் தூங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமல், காற்றும் மேலே படாமல், பிளாஸ்டிக் உறையைக் கசக்கிப் பாருங்கள். காதுமடல்கூட அசையவில்லை என்றால் கைச் சைகையில் பழக்கத் தொடங்குங்கள். தூங்குகிற செவிட்டு நாயை லேப் மிதித்து எழுப்பினால் அது திடுக்கிட்டுக் கடிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் தூங்க விடாதீர்கள்.

தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது

சாதாரண பெல்ட் போட்டிருப்பீர்கள். சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பின்னால் ஓரடி எடுத்து வைத்துத் தலையைக் குனிந்தால் பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் பக்கத்துத் தெருவில் இருக்கும். மார்ட்டிங்கேல் என்று கேட்டு வாங்குங்கள்: அகலப் பட்டை, இழுத்தால் ஓரளவு இறுகி நிற்கும், கழுத்தை நெரிக்காது. புது நாய்க்கு முதல் சில மாதம் அதோடு மார்புப் பட்டையும் சேர்த்து இரண்டு இடத்தில் கொக்கி போடுவது நல்லது. பெயரும் போன் நம்பரும் பொறித்த தகடு கழுத்தில் எப்போதும் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்து இருட்டியபின் வெளியே கொண்டுபோகவே வேண்டாம்.

சுவரைத் தாண்டுகிறதா? அஞ்சடிச் சுவர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுவரோரம் இருக்கும் பூந்தொட்டி, தண்ணீர் டிரம், துவைக்கிற கல் எல்லாமே படிக்கட்டு. முதலில் அவற்றை நகர்த்துங்கள். மேலே கம்பிவலை உட்பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள். கண்ணாடிச் சில்லு பதித்த சுவர் நாயைத் தடுக்காது, வயிற்றைக் கிழிக்கும். சங்கிலி போட்டுக் கட்டிவைப்பதும் தீர்வு இல்லை. நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் ஓட்டக்கார நாய் இன்னொரு நாயைப் பார்த்ததும் வெறி கொள்ளும்.

கோழி, பூனை, அணில்

துரத்தும். பழக்கிவிடலாம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். குட்டியிலிருந்து வீட்டுப் பூனையோடு வளர்ந்த நாய்கூட அந்தப் பூனையை மட்டும்தான் விட்டுவைக்கும், மதில் மேல் வரும் பூனையை விடாது. உங்கள் வீட்டில் கோழியோ முயலோ இருந்தால் கூண்டைப் பூட்டுங்கள். அக்கம்பக்கத்தில் இருந்தால் வெளியே போகும்போது வாய்க்கூடு போடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை மாதிரியானதுதான் வேண்டும். துணியில் தைத்து வாயை இறுக்குவது நம் வெயிலுக்கு ஆபத்து.

இதில் இன்னொரு சிக்கல், லேப்பும் கற்றுக்கொள்ளும். அதுவரை அணிலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்த நாய், ஒன்று பாய்ந்ததும் கூடவே பாயும். இரண்டையும் ஒரே ஆள் வாக்கிங் கூட்டிப் போவதை ஆரம்ப காலத்தில் தவிருங்கள்.

தெருநாய்களைப் பார்த்ததும் தங்களுக்குள் கடித்துக்கொள்கின்றன

எட்டாத எதிரி மேல் உள்ள ஆத்திரம் பக்கத்தில் நிற்பவன் மேல் பாய்வது. இவற்றுக்குள் பகை இருக்கிறது என்று பொருள் இல்லை. தெருநாய்கள் படுத்திருக்கும் முனையைத் தவிர்த்து வேறு வழி, வேறு நேரம், ஒரு நாய்க்கு ஒரு ஆள். கேட் கம்பி வழியாகக் குரைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு, கேட்டுக்குக் கீழ்ப்பாதியில் தகடு அடித்து மறையுங்கள்.

வீட்டுக்குள் மூத்திரம்

குட்டியாக இருந்தால் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான். சுவர், சோபாக்கால், கதவு மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் எல்லை குறிப்பது. கடுவனாக இருந்தால் கருத்தடை பெரும்பாலும் உதவும். பழைய நாய் திடீரென்று ஆரம்பித்தால் மூத்திரப் பை தொற்று இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கோபத்தையோ பொறாமையையோ பேச வேண்டும். பினாயில் ஊற்றினால் வாசம் நமக்குத்தான் மறையும். நாய் மூக்குக்காக விற்கிற நொதி கலந்த திரவம் வாங்கித் துடையுங்கள்.

பழைய நாய் மாறிப்போய்விட்டது

சாப்பிடுவதில் மந்தம், தனியாகப் போய்ப் படுப்பது, புதியது பக்கத்தில் வந்தாலே வெடுக்கென்று திரும்புவது. வீட்டில் எல்லாரும் “பொறாமை” என்பார்கள். ஆறு வயது தாண்டிய லேப் என்றால் என் முதல் சந்தேகம் வலி. இடுப்பு மூட்டுத் தேய்மானம் இந்த இனத்தில் சகஜம். எழுந்திருக்கும்போது தயங்குகிறதா, படி ஏறும்போது இரண்டு பின்காலையும் சேர்த்துத் தாவுகிறதா, பாருங்கள். வலியோடு இருக்கிற நாய் இளம் நாயின் துள்ளலைத் தாங்காது. எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு மருந்து ஆரம்பித்ததும் “பொறாமை” மறைந்த வீடுகள் நிறைய. மனிதர்க்கான பாராசிட்டமால், புரூபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு விஷமாகிவிடும்.

வலி இல்லை என்றால், அதற்கு வழக்கமாகக் கிடைத்த தனி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். தனியாக ஒரு வாக்கிங், தனியாகக் கொஞ்ச நேரம் உங்கள் காலடியில்.

சண்டை நடந்தே விட்டது

கையைக் கொண்டு நடுவில் போகாதீர்கள், பெல்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். எஜமானர்கள் கடி வாங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். பலகையோ பிளாஸ்டிக் நாற்காலியோ நடுவில் செருகுங்கள். கனத்த போர்வையை மேலே போடுங்கள். இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு நாயின் பின்கால்களைத் தொடைக்கு மேலே பிடித்துத் தூக்கி, ஒரே நேரத்தில் பின்னோக்கி, அரைவட்டமாக வளைந்து நடங்கள். விட்டுவிட்டால் திரும்பி வரும், கதவு சாத்தும்வரை விடக் கூடாது.

பிறகு இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். பல் இறங்கிய ஓட்டை வெளியே மிளகு அளவுதான் தெரியும், உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். சிப்பிப்பாறையின் தோல் துணி மாதிரிக் கிழியும், தையல் தேவைப்படும். உங்களைக் கடித்திருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள். வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள், அதுவும் புது நாயின் ஊசி விவரம் தெரியாதபோது.

அடுத்து இரண்டு மூன்று நாள் முழுப் பிரிவு. அப்புறம் மைதானத்துப் பக்கவாட்டு நடையிலிருந்து மறுபடி முதல் பாடம். இரண்டும் பெட்டை என்றால் கூடுதல் எச்சரிக்கை: ஒரே வீட்டுப் பெட்டைகளுக்குள் மூளும் சண்டைதான் தீர்ப்பதற்கு மகா சிரமம், ஒன்று ஹீட்டுக்கு வரும்போது திரும்பத் திரும்பக் கிளம்பும்.

யோசிக்காமல் வண்டியை எடுக்க வேண்டியவை

வயிறு உப்பி, வாந்தி எடுக்கிற மாதிரி இழுத்து இழுத்து ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வருவது. மணிக்கணக்கில் உயிர் போய்விடும், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற வேளை இல்லை.

வெயிலில் ஓடிய லேப் நிற்க முடியாமல் தள்ளாடி, எச்சில் வழிய இரைத்தால் சூட்டு அதிர்ச்சி. நாய்க்கு இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடும். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கருத்தடைக்கோ தையலுக்கோ மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால், “இது கிரேஹவுண்ட் வாகு நாய்” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தயோபென்டோன் வகை மயக்க மருந்து, கிரேஹவுண்ட் என்கிற ஒல்லியான ஓட்ட நாய்களின் உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். விழிப்பு வர நெடுநேரம் ஆகும். உடலில் கொழுப்பு குறைந்த நம் வேட்டை நாய்களுக்கும் அந்த எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பு.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை

மூன்று மாதம் ஒழுங்காக முயன்று பார்த்தும் வாரம் ஒரு ரத்தக்காயம் என்றால் இரண்டு வழி. ஒன்று, நிரந்தரமாகச் சுழற்சி: ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது உள்ளே, வேளை மாற்றி. பல வீடுகளில் வருடக்கணக்காக இப்படி நடக்கிறது. வீட்டில் எல்லாரும் கதவு சாத்துவதில் ஒழுங்காக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில்.

இல்லையென்றால் புதியதற்கு வேறு வீடு பார்ப்பது. இதில் அவமானம் எதுவும் இல்லை. ஒற்றை நாயாக, தோப்போ தோட்டமோ உள்ள வீட்டில் சிப்பிப்பாறை பிரமாதமாக இருக்கும். காட்டில் கொண்டு விட்டுவிடுவது மட்டும் கூடாது; பட்டினியாலோ லாரியாலோ சாகும். எடுத்துக்கொள்கிறவரிடம் தடுப்பூசி அட்டை, மார்ட்டிங்கேல் பட்டை, படுத்துப் பழகிய விரிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கோழியைத் துரத்தும், சுவர் ஏறும், இன்ன நாயோடு சண்டை போட்டது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் அடுத்த வாரமே உங்கள் கேட்டில் வந்து நிற்கும்.